ஆலையோடு வந்த ஆர்க்கெஸ்ட்ரா

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 10

கரீபியன் தீவுகளிலும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்கள் இருக்கின்றன என்று படித்தேன். முரசும் ஆட்டமும் உயிராக இருக்கிற ஊரில், வியர்வை வழியக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பீத்தோவன் வாசிப்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பதைத் தவிர வேறு என்ன? அங்குள்ள மக்களுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

2024 பிப்ரவரி 11

அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள, ஆனால் அதன் மாநிலம் அல்லாத கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் மூன்று வருடம், 2011 முதல் 2014 வரை, இருந்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். இசை படித்தவன் இல்லை. மருந்து ஆலைகளில் அறைகளையும் இயந்திரங்களையும் சோதித்துச் சான்று எழுதித் தருவது என் பிழைப்பு. வாரம் முழுக்கத் தலையில் வலைத்தொப்பியோடு திரிந்துவிட்டு, சனிக்கிழமை மாலை சான் ஹுவானின் சந்தூர்சே பகுதியில் உள்ள அரங்கில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஊரில் யாரும் 'புவேர்ட்டோ ரிக்கோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா' என்று நீட்டி முழக்குவதில்லை. 'லா சின்ஃபோனிகா', அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்கிறீர்கள். ஸ்பானியர்கள் 1898-இல் தீவை அமெரிக்காவிடம் விட்டுப் போனபோது இந்த ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. இது 1957-இல் பாப்லோ கசல்ஸ் தொடங்கியது. செல்லோ வாத்தியத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று உலகம் ஒப்புக்கொண்ட கிழவர். ஸ்பெயினின் கட்டலோனியாவில் பிறந்தவர், அங்கே சர்வாதிகாரியான பிராங்கோவின் ஆட்சிக்கு எதிராக நாட்டை விட்டு வெளியேறியவர். அவருடைய தாயார் பிறந்தது புவேர்ட்டோ ரிக்கோவின் மேற்குக் கரையில் உள்ள மயாகுவேஸ் நகரத்தில். 79 வயதை நெருங்கும்போது தாய் பிறந்த மண்ணைப் பார்க்க வந்தார், அங்கேயே தங்கிவிட்டார்.

2024 பிப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதில் தவறு. 1957-இல் தொடங்கியது கசல்ஸ் பெயரிலான இசை விழா. ஆர்க்கெஸ்ட்ரா அதற்கு அடுத்த ஆண்டு. 1958 நவம்பரில் முதல் கச்சேரி. அதையும் தலைநகரில் வைக்கவில்லை, தாயார் பிறந்த மயாகுவேஸில் வைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அந்த ஊர்க்காரர்களுக்கே உள்ள பழக்கம், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வேறுபாடு சின்னது இல்லை. 1957 விழாவில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்தவர்கள். ஸெர்கின், ஐசக் ஸ்டெர்ன், ஹொர்ஷோவ்ஸ்கி என்று பெரிய தலைகள். தீவுக்காரர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள். ஆக, அந்த முதல் ஆண்டைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

அந்த விழாவின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரல் 16, முதல் ஒத்திகை. நடத்திக்கொண்டிருந்த கசல்ஸுக்கு மாரடைப்பு. அவரைக் கேட்கத்தான் அத்தனை ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். விழாவைத் தள்ளிவைக்கவில்லை. அலெக்ஸாண்டர் ஷ்னைடர் என்ற வயலின் கலைஞர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வில் அசைவாலும் தலையாலும் குழுவை நடத்தினார். கசல்ஸ் நிற்க வேண்டிய மேடைப்பெட்டியை அகற்றவில்லை, காலியாகவே விட்டிருந்தார்கள். ஏப்ரல் 22 அன்று, ரியோ பியெத்ராஸ் பல்கலைக்கழக அரங்கில், ஒரு வெற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஊரே இசை கேட்டது. ஆகஸ்டு மாதமே கிழவர் எழுந்துவந்து தன் 20 வயது மாணவி மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார் என்பது தனிக் கதை. அவருக்கு 80.

2024 பிப்ரவரி 12

இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் சொல்ல வந்ததே அதுதான்.

அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம். ஊர்ப் பேச்சில் 'ஃபொமெந்தோ'. 1942-இல் அமைத்தார்கள். முதலில் சிமெண்டு, கண்ணாடி, காகிதம், காலணி என்று அரசே ஆலை நடத்திப் பார்த்தது, சரிப்படவில்லை, விற்றுவிட்டார்கள். பிறகு 'வரி வேண்டாம், வந்து ஆலை போடுங்கள்' என்று அமெரிக்க நிறுவனங்களை அழைத்தது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த தீவு இருபது ஆண்டுகளில் துணியும் மருந்தும் செய்யும் தீவானது. இந்தக் கழகத்தை நடத்தியவர் தியோதோரோ மொஸ்கோசோ, போன்சே நகர மருந்துக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, தானும் மருந்தியல் படித்தவர். கசல்ஸ் விழாவை நடத்த உண்டாக்கிய நிறுவனம் இந்தக் கழகத்தின் துணை நிறுவனம். அதன் கீழ்தான் ஆர்க்கெஸ்ட்ராவும் வந்தது.

கலாசாரத் துறை இல்லை, கல்வித் துறை இல்லை, தொழில் துறை! எனக்கு இது தெரியவந்த அன்று சிரிப்பு அடங்கவில்லை. நான் வேலை பார்த்த வகை ஆலையும், நான் சனிக்கிழமை போய்க் கேட்ட ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே அலுவலகத்துப் பிள்ளைகள்.

காரணம் புரியாததும் அல்ல. நியூயார்க்கில் இருக்கிற முதலாளிக்குப் புவேர்ட்டோ ரிக்கோ என்றால் அன்று சேரிகளும் வெட்டுக்குத்துக் கதைகளும்தான் நினைவுக்கு வரும். கசல்ஸ் குடியிருக்கும் ஊர் என்று சொன்னால் முகம் மாறும். 1961 நவம்பர் 13 அன்று கென்னடி வெள்ளை மாளிகையில் கசல்ஸை வாசிக்க வைத்தார் அல்லவா? அந்த விருந்தின் முதன்மை விருந்தாளி புவேர்ட்டோ ரிக்கோ ஆளுநர் லூயிஸ் முன்யோஸ் மரீன். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

2024 பிப்ரவரி 13

'அப்படியானால் அது அரசு விளம்பரம்தானே, மக்களுடையது எப்படி?' என்று கேள்வி கேட்ட நண்பர் மடக்குகிறார். சரியான இடத்தில்தான் மடக்குகிறார்.

உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் செய்தி ஒன்றை நானே தருகிறேன். 1948-இல் அந்தத் தீவில் ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது; 53-ஆம் எண் சட்டம். விடுதலை வேண்டும் என்று பேசினால் குற்றம், தீவின் கொடியை ஏந்துவதும் நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாடுவதும் வம்பில் மாட்டிவிடும். அதை நீக்கிய ஆண்டு 1957. முதல் கசல்ஸ் விழா நடந்த அதே ஆண்டு. சொந்தப் பாட்டைப் பாட ஒன்பது வருடம் பயந்திருந்தவனுக்கு, பூட்டைத் திறந்த கையோடு பாஹ் இசையைக் கொடுத்தால் அவன் என்ன நினைப்பான்? விடுதலைக் கட்சிக்காரர்கள் நினைத்ததைச் சொல்லவும் செய்தார்கள்.

முன்யோஸ் மரீனின் பதில் வேறு. ஆலை கொண்டுவந்ததற்கு 'கைகள் வேலையில்' என்று பெயர் வைத்தவர்கள், அதற்கு இணையாக 'அமைதி நடவடிக்கை' என்று இன்னொன்றையும் பேசினார்கள். வயிறு நிறைந்தவன் வாங்கிக் குவிப்பவனாக மட்டும் ஆகிவிடக் கூடாது, மனத்துக்கும் ஏதாவது வேண்டும் என்பது எண்ணம். 1955-இல் ரிக்கார்தோ அலெக்ரியா தலைமையில் புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனம் வந்தது. மரச் சிற்பம், போம்பா முரசு, பழைய தான்சா நடனம் எல்லாம் அந்தப் பக்கம். பீத்தோவன் ஃபொமெந்தோ பக்கம். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. எந்த அடுப்பில் அதிக விறகு எரிந்தது என்ற சண்டை நான் இருந்த காலத்திலும் ஓயவில்லை.

2024 பிப்ரவரி 17

இடையில் ஒருவர், 'வயலின் நமக்கும் வெளியிலிருந்து வந்ததுதானே, இன்று அது இல்லாமல் கச்சேரி உண்டா' என்று எழுதியிருந்தார். நேற்று தலையாட்டினேன். இன்று யோசித்தால் உவமை நொண்டுகிறது. நாம் கருவியை எடுத்துக்கொண்டோம், பாட்டு நம்முடையதாகவே இருந்தது. அங்கே கருவியும் பாட்டும் சேர்ந்தே இறங்கின.

ஆனால் கசல்ஸ் வந்து இறங்கிய மண் வெற்று மண் அல்ல, இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். போன்சேயில் ஹுவான் மொரேல் கம்போஸ் என்று ஒருவர் இருந்தார். 1857-இல் பிறந்தவர். தீயணைப்புப் படையின் இசைக்குழுவை நடத்தியவர், பொம்பார்தினோ என்ற பித்தளைக் குழலை ஊதியவர். முந்நூறுக்கு மேல் தான்சா எழுதியிருக்கிறார். தான்சா என்பது கூடத்தில் ஜோடியாக ஆடும் நடனத்துக்கான இசை. முதலில் கைகோத்து ஒரு சுற்று நடப்பார்கள், பிறகுதான் ஆட்டம். மேலே மெட்டு ஐரோப்பியச் சாயலில் நெளிந்து போகும், அடியில் தாளம் ஆப்பிரிக்கக் காலால் நடக்கும். பொம்பார்தினோ அதற்கு இடையில் புகுந்து தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். 1896-இல் போன்சேயின் லா பெர்லா அரங்கில் நடத்திக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து, சில நாளில் இறந்துவிட்டார். 38 வயது. மாரடைப்புக்குப் பிறகும் ஒரு வாய்ப்புக் கிடைத்த கசல்ஸின் ஆயுள் இவருக்கும் கிடைத்திருந்தால் என்று சில நேரம் நினைப்பேன். தீவின் கீதமான 'லா போரிங்கேன்யா' என்பதும் முதலில் ஒரு தான்சாதான்; ஆட எழுதிய மெட்டு.

அடுத்து ஃபிகெரோவா குடும்பம். அப்பா ஊமைப்படக் காலத்தில் குழு நடத்தியவர், அம்மா பியானோ ஆசிரியை, பிள்ளைகள் பாரிஸ் போய்ப் படித்தவர்கள். ஐந்து சகோதரர்கள் சேர்ந்து வாசித்த ஐவர் குழுவை அரசே தன் குழுவாக அறிவித்தது. மூத்தவர் ஹோஸே, எல்லோரும் 'பெப்பீத்தோ' என்பார்கள், சின்ஃபோனிகாவின் முதல் வயலினாக உட்கார்ந்தார். அடுத்த தலைமுறையில் கிலெர்மோ ஃபிகெரோவா அதே குழுவை நடத்தவே வந்தார். நியூயார்க்கிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள் என்று மேலே எழுதினேன். உள்ளூரில் இவர்கள் இருந்தார்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.

2024 பிப்ரவரி 18

'குழுவை நடத்தியவர்' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், 'நடத்துநர் என்றால் சில்லறை கொடுப்பாரா' என்று கேட்டிருக்கிறார். கொடுக்க மாட்டார். ஆனால் கை காட்டினால்தான் வண்டி நகரும் என்பது பொது.

அதே போக்கில் இன்னொன்று. 1960-களில் இந்தக் குழுவை நடத்தியவர்களில் விக்டர் தேவா என்று ஒருவர் உண்டு. பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், சிலி நாட்டுக்காரர். அவருக்கு முன்னால் அர்ஜென்டினாவின் ஹுவான் ஹோஸே காஸ்த்ரோ. நான் கேட்ட காலத்தில் மாக்ஸிமியானோ வால்தேஸ், அவரும் சிலி. கேள்வியில் சொன்ன 'வெள்ளைக்காரன்' யார் என்று தேடினால், பாதி நேரம் தென்னமெரிக்காக்காரன்தான் அகப்படுகிறான்.

2024 மார்ச் 2

கோட்டும் வியர்வையும் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன். இந்த இழையில் எனக்குத் தொழில்முறையாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான்.

அரங்குக்குள் யாருக்கும் வியர்க்காது. ஏசியை அப்படி வைப்பார்கள். சான் ஹுவான் பெண்கள் கச்சேரிக்கு வரும்போது கையில் கட்டாயம் ஒரு சால்வை இருக்கும். நான் முதல் தடவை அரைக்கைச் சட்டையோடு போய், இடைவேளையில் வெளியே ஓடிவந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு திரும்பினேன். வெளியே புதரில் கோக்கீ தவளைகள். கட்டைவிரல் அளவு உயிர், 'கோ... கீ' என்று இரண்டு ஸ்வரம், இரவு முழுக்க. உள்ளே பாதி கேட்ட சிம்பொனியோடு இதுவும் சேர்ந்துதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

குளிர் ஆட்களுக்காக மட்டும் அல்ல. ஈரம் எடுக்க வேண்டும். மரக் கருவிக்குக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. என் மருந்து அறைகளுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. மாத்திரைத் தூளும் மேப்பிள் மரமும் ஒரே காற்றைத்தான் கேட்கின்றன. வெளியிலோ கடல், எண்பதைத் தொடும்.

நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார், எழுபதைத் தாண்டியவர். அவருடைய காலமான கணவர் சின்ஃபோனிகாவில் வியோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம், வாசித்தவர். என்னை 'மிஹோ' என்று கூப்பிடுவார், மகனே என்று அர்த்தம். ஒருநாள் ஈரப்பதம் அளப்பது என் வேலை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்துத் திறந்தார். நீல வெல்வெட்டில் வியோலா. தந்தியை முறுக்கும் பிரடைகள் ஈரத்தில் ஊதி இறுகி, திருப்பினால் அசையவில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரை லேசாகச் சாய்ந்திருந்தது. அடிப்பக்கம் திருப்பிக் காட்டினார்: முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் விளிம்பில், ஒரு தபால் கார்டு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

'ஐயோ, உடைந்துவிட்டதே' என்றேன். சிரித்தார். உடையவில்லை, விட்டுக்கொடுத்திருக்கிறது என்றார். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால்தான் ஒட்டுவார்கள்; வேண்டுமென்றே மரத்தைவிடப் பலவீனமாக ஒட்டுவார்கள். மரம் ஊதும்போதும் சுருங்கும்போதும் பசை முதலில் விட வேண்டும். கெட்டியாக ஒட்டினால் பலகையே பிளந்துவிடும். பசை விட்டால் அரை நாள் வேலை, பலகை பிளந்தால் கருவி போச்சு. 'என் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒட்ட எடுத்துக்கொண்டு போவார். பணத்தைப் பார்த்து முனகுவார், ஆனால் பசையைத் திட்ட மாட்டார்.'

எங்கள் ஆலையிலும் அப்படி ஒன்று உண்டு. அழுத்தம் மீறினால் கலம் வெடிக்காமல் தான் கிழிந்துகொள்வதற்காக வைக்கும் மெல்லிய தகடு. இத்தனை வருடம் அதைச் சோதித்துச் சான்று எழுதியவன், ஒரு வியோலாவிடம் அதைக் கண்டு வாயடைத்து நின்றேன். அடுத்த வாரம் ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கிக்கொண்டுபோய் அவர் பெட்டிக்குள் வைத்தேன்.

2024 மார்ச் 3

ஒரு நண்பர், 'கசல்ஸ் டொமினிக்கன் குடியரசிலும் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கினாரே' என்கிறார். அவர் வேறு. என்ரீக்கே கசல் சாப்பி. 'ஸ்' இல்லை. இவரும் பிராங்கோவிடமிருந்து தப்பி வந்த ஸ்பானியர் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. 1941-இல் அங்கே தேசிய சிம்பொனி தொடங்கியபோது முதல் நடத்துநர் அவர். ஒரு சர்வாதிகாரியிடமிருந்து தப்பி வந்தவர் சேர்ந்த இடம் இன்னொரு சர்வாதிகாரியின் வாசல்; அப்போது அங்கே ஆட்சி த்ருஹீயோவுடையது.

ஹவானாவை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது, ஆனால் அதற்குத் தனி இழை வேண்டும். இரண்டு வரி மட்டும்: 1922-இல் கொன்ஸாலோ ரொய்க் ஒரு சிம்பொனி தொடங்கினார், 1924-இல் பெத்ரோ சன்ஹுவான் போட்டிக்கு ஒரு ஃபில்ஹார்மோனிக். அந்த இரண்டாவதில் முதல் வயலினாக இருந்து பிறகு நடத்துநரான அமதேயோ ரொல்தான், ஆப்பிரிக்க வழிக் கியூபத் தாளக் கருவிகளை 1925-இலேயே ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் உட்கார வைத்தவர். 1930-இல் முழுக்க முழுக்கத் தாளக் கருவிகளுக்கே இசைக்கோவை எழுதினார். ஐரோப்பியக் கச்சேரி மரபில் அப்படி எழுதிய முதல் சிலரில் ஒருவர். முரசு உள்ள ஊரில் சிம்பொனி எதற்கு என்ற கேள்விக்கு அவர் ஏறக்குறைய நூறு வருடம் முன்பே வேறு மாதிரி பதில் எழுதிவிட்டார்.

டிரினிடாட்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்: எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டி ஸ்வரம் எடுத்து, 1951-இல் லண்டன் விழாவுக்கே கொண்டுபோய் வாசித்தார்கள். அவர்கள் தங்கள் குழுவை ஆர்க்கெஸ்ட்ரா என்றே சொல்கிறார்கள். சொல்லட்டும், தகும்.

2024 மார்ச் 10

திரும்பவும் என் தீவு. யார் கேட்க வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மழுப்பாமல் சொன்னால், நான் பார்த்த அரங்கில் நரைத்த தலைகள் அதிகம். மருத்துவர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆனால் மேல் வரிசை வேறு உலகம். 1960 முதல் நடக்கும் இசைக் கல்லூரி மாணவர்கள், இசைத்தாளை மடியில் விரித்துக்கொண்டு, மேடையில் இருக்கும் தங்கள் வாத்தியார் எங்கே தப்பு விடுகிறார் என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதுவும் கசல்ஸ் பிள்ளைதான். விழாவுக்கு ஆள் வெளியிலிருந்து வந்தது, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆளை உள்ளூரிலேயே வளர்த்தாக வேண்டியிருந்தது. மூன்றிலும் கல்லூரிதான் ஆழமாக வேர் விட்டது என்று எனக்குப் படுகிறது.

எனக்குப் பழக்கமான டிரோம்போன்காரர் ஒருவர் சனி மாலை பிராம்ஸ் வாசித்துவிட்டு, அதே கறுப்புப் பேண்டோடு சல்சா குழுவுக்கு ஓடுவார். எது கடினம் என்று கேட்டேன். 'சிம்பொனியில் 80 தாளச் சுற்று சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தைச் சரியாக ஊத வேண்டும். சல்சாவில் உட்காரவே விடமாட்டார்கள். நீயே முடிவு செய்' என்றார். வேகா பாஹாவில் பிறந்த ரொபெர்தோ சியெர்ரா தன் மூன்றாவது சிம்பொனிக்கு 'சல்சா' என்றே பெயர் வைத்ததில் எனக்கு வியப்பு இல்லை. ஆட்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் இருந்தார்கள், தாள் பின்னால் வந்தது.

அரங்கைப் பற்றியும் ஒரு வேடிக்கை. ஆர்க்கெஸ்ட்ரா பிறந்தது முன்யோஸ் மரீன் ஆட்சியில். அது வாசிக்கும் கலை மையம் 1981-இல் திறந்தது; பின்னாளில் அதற்கு வைத்த பெயர் லூயிஸ் ஃபெர்ரே. அவர் எதிர்க்கட்சி, தீவை அமெரிக்காவின் மாநிலமாக்க வேண்டும் என்றவர், 1969-இல் ஆளுநரானவர், பியானோ வாசித்தவர். அரசு விற்றது என்று மேலே சொன்னேனே, சிமெண்டு ஆலை முதலியவை? வாங்கியது அவருடைய குடும்பம்தான். அந்த வளாகத்துக்குள்ளேயே 2009-இல் கட்டிய சிம்பொனி அரங்குக்குக் கசல்ஸ் பெயர். எதிரெதிர்க் கட்சிகள் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் அந்தத் தீவில் அதிகம் இல்லை.

2024 ஏப்ரல் 22

'ஒரே அலுவலகத்துப் பிள்ளைகள்' என்று பெருமையாக எழுதினேன். திருத்த வேண்டும். பிள்ளைகளின் விதி ஒன்றாக இல்லை.

ஆலைகள் வந்தது வரிச்சலுகைக்காக. 1976 முதல் அமெரிக்க வரிச் சட்டத்தின் 936-ஆம் பிரிவு. 1996-இல் அதை ரத்து செய்து பத்து வருட அவகாசம் கொடுத்தார்கள். 2006-இல் முற்றிலும் முடிந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நான் போனதே ஒருவகையில் அந்த மூடலின் பேரில்தான். ஓர் ஆலையின் கருவிகளை வேறு இடத்துக்கு மாற்றச் சான்று எழுதும் வேலை. வருவாய் குறைந்த அரசு கடன் வாங்கிக் காலம் தள்ளியது, கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியது, 2016-இல் வாஷிங்டன் ஒரு நிதி மேற்பார்வைக் குழுவை மேலே உட்கார வைத்தது, 2017 மே மாதம் திவால் வழக்கு.

ஆர்க்கெஸ்ட்ரா 1980-களிலேயே தொழில் கழகத்தின் கையை விட்டு இசைக்கான தனி அரசு அமைப்பின் கீழ் போய்விட்டது. சம்பளம் இன்றும் அரசுப் பணம்தான், எனவே தட்டுப்பாடும் உண்டு. ஆனாலும் அது போகவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் உள்ள பதில் மிகச் சாதாரணமானது: ஆலையைப் பெட்டியில் கட்டிக் கப்பலில் ஏற்றலாம், நானே ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது வயலின் வரிசையில் முப்பது வருடம் உட்கார்ந்து, பிள்ளைகளை அதே ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டவரை எந்தப் பெட்டியில் கட்டுவது?

2024 செப்டம்பர் 20

இன்றோடு மரியா புயலுக்கு ஏழு வருடம். 2017-இல் நான் ஊர் திரும்பிவிட்டேன். காலை ஆறேகால் மணிக்கு யபுக்கோவா பக்கம் கரை ஏறியது, தீவு முழுக்க மின்சாரம் போனது, தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தன. மருத்துவமனையில் ஏற்றும் சிறிய உப்புநீர்ப் பைகள் அமெரிக்கா முழுக்கத் தட்டுப்பாடானது அப்போதுதான்; அவற்றைச் செய்த ஆலைகள் அந்தத் தீவில் இருந்தன. என் தொழில்காரர்கள் எல்லோரும் பைகளைப் பற்றியே பேசினார்கள். கீழ்வீட்டு அம்மாள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாரம் ஆனது.

இருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். ஈரப்பதமானி 88. வியோலா மூன்று இடத்தில் பசை விட்டிருந்தது, பலகை முழுசாக இருந்தது. 'நான் சொன்னேன் அல்லவா' என்று மட்டும் எழுதியிருந்தார்.

2024 அக்டோபர் 22

கசல்ஸ் இறந்த நாள், 1973, சான் ஹுவானில், 96 வயது. தீவிலேயே அடக்கம் செய்தார்கள். பிராங்கோ செத்த பிறகு, 1979-இல், உடலை எடுத்து அவர் பிறந்த எல் வென்ட்ரெல் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மார்த்தா பிறகு வாஷிங்டனின் கென்னடி மையத்தில் கலை இயக்குநராக இருந்தார். 1970-களில் உள்ளூர் இசையமைப்பாளர்கள், விழாவில் எங்கள் இசை எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை நடந்தது எனக்கு நல்ல அறிகுறியாகவே தோன்றுகிறது. தனக்குச் சம்பந்தம் இல்லாத வீட்டில் எவனும் பாகம் கேட்டு வழக்குப் போட மாட்டான்.

2025 ஜனவரி 2

டிசம்பர் 31 அன்று தீவு முழுக்க மீண்டும் மின்தடை. புத்தாண்டை இருட்டில் வரவேற்றிருக்கிறார்கள். அம்மாளிடம் கேட்டேன். கச்சேரி இல்லாத நாள், எனவே கவலை இல்லை என்று பதில்.

2025 ஏப்ரல் 17

நேற்று இன்னொரு முழு மின்தடை. ஏப்ரல் 16. கசல்ஸ் ஒத்திகையில் நெஞ்சைப் பிடித்த அதே தேதி என்று எழுதி, ஈரப்பதமானி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். இன்று காலை குரல் பதிவு வந்திருக்கிறது, 14 நொடி. இருட்டில் கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை மிஹோ, எண் எல்லாம் படிக்க முடியாது, நீயே கேட்டுக்கொள் என்கிறார். பிறகு வியோலாவின் நான்கு தந்தியையும் விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டுகிறார். பின்னால் யார் வீட்டு ஜெனரேட்டரோ ஓடுகிறது, அதற்கும் மேலே கோக்கீ. மூன்றாவது தந்தி சுருதி விலகியிருக்கிறது. மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன.